நாயின் இடுப்பு மூட்டு மாற்று: 3டி பிரிண்ட் கைடு எப்போது தேவை, எப்போது தேவையில்லை

கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வயது ஜெர்மன் ஷெப்பர்டு, 36 கிலோ எடை, இரண்டு பக்க இடுப்பிலும் டிஸ்பிளேசியா, அதாவது மூட்டின் உருண்டையும் குழியும் சரியாகப் பொருந்தாமல் வளர்ந்த கோளாறு. படுத்து எழும்போது தடுமாறுகிறான், ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் தாவுகிறான். கோவையில் பார்த்த மருத்துவர் மூட்டு மாற்று அறுவை செய்யலாம் என்றிருக்கிறார். நாயின் எலும்புக்கென்றே அளவெடுத்து 3டி பிரிண்டரில் அடித்த கைடு (எலும்பை எங்கே, எந்தத் திசையில் வெட்டுவது, துளைப்பது என்று காட்டும் அச்சு) வைத்துச் செய்தால் தவறவே தவறாது என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். செலவு கூடுகிறதே, அது அவசியமா என்று கேட்கிறீர்கள். கஞ்சிக்கோட்டில் பட்டறை வைத்திருக்கும் உங்கள் சித்தப்பா மகன் தன் பிரிண்டரிலேயே அதை அடித்துத் தருவதாகச் சொன்னதையும், இரண்டு பக்கமும் ஒரே தடவையில் முடித்துவிடலாமா என்பதையும் சேர்த்திருக்கிறீர்கள். கைடைப் பற்றிக் கேட்டாலும், இவ்வளவு பணத்தையும் அவனுக்கு இவ்வளவு வலியையும் கொடுக்கப் போகிறோமே, இதில் எது அவனை நடக்க வைக்கும் என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் கால்நடை எலும்பு அறுவை செய்பவன். மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில் படித்தேன், பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவிலேயே பல வருடமாகத் தொழில். வளைந்து வளர்ந்த கால் எலும்பை வெட்டி நேராக்கும் அறுவைகளுக்குப் பிரிண்ட் செய்த கைடை வழக்கமாகவே பயன்படுத்துகிறேன். இடுப்பு மூட்டு மாற்று அப்படியல்ல. அதைப் பெரிய மையங்களில் மூத்தவர்களோடு நின்று செய்திருக்கிறேன், என் மருத்துவமனையில் தனியாகச் செய்வதில்லை. ஆகவே கைடு பற்றி நான் சொல்வதைக் கை அனுபவமாகவும், மூட்டு மாற்று பற்றிச் சொல்வதைக் கற்றதும் கண்டதும் என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாயின் எலும்பில் பெரிய கோணல் இல்லை, அறுவை செய்பவர் இதை அடிக்கடி செய்கிறவர் என்றால், கைடு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் அறுவை நன்றாகவே நடக்கும். எலும்பு கோணலாக இருந்தால் அது பெரிய துணை. பழக்கமில்லாத கைக்கு மட்டும் எந்தக் கைடும் ஈடாகாது.

அறுவையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். தொடை எலும்பின் உருண்டைத் தலையைக் கழுத்தோடு வெட்டி எடுத்துவிடுகிறார்கள். இடுப்பெலும்பின் குழியை ரீமர் வைத்துக் குடைந்து வட்டமாக்கி, அதில் ஒரு கப் பொருத்துகிறார்கள். தொடை எலும்பின் உட்குழலைத் துளைத்து, அரம் போட்டு, அதில் ஸ்டெம் என்ற உலோகத் தண்டு ஒன்றை இறக்குகிறார்கள். அந்த ஸ்டெம்மின் முனையில் மாட்டிய உலோக உருண்டை கப்புக்குள் சுழல்கிறது. சிலவற்றில் எலும்பு சிமென்ட் போட்டு ஒட்டுவார்கள், சிலவற்றில் இறுக்கமாக அடித்து இறக்கிவிட்டு எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும்படி விடுவார்கள். நாய்களுக்கென்று தயாரான இம்பிளான்ட் (உடலுக்குள் பொருத்தும் செயற்கை மூட்டு) 1970-களின் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அப்போதிருந்து உலகத்தில் செய்யப்பட்ட நாய் இடுப்பு மாற்றுகளில் மிகப் பெரும்பான்மை, அந்தந்த நாய்க்கென்று அடித்த கைடு எதுவும் இல்லாமல், எக்ஸ்ரேயில் அளவெடுத்து, இம்பிளான்ட் பெட்டியோடு வரும் பொதுவான கருவிகளை வைத்துச் செய்யப்பட்டவைதான். நல்ல கைகளில் அவற்றின் பலனும் நன்றாகவே இருந்திருக்கிறது. கைடு இல்லை என்பதற்காகவே ஒரு மருத்துவரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தப் பழைய கதை.

அப்படியானால் கைடு எதற்கு? இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதைச் சரியாக விளக்குவதில்லை. கப்பை எந்தக் கோணத்தில் வைக்கிறோம் என்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. கப்பின் வாய் பக்கவாட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கு ஒரு கோணம் உண்டு, அது 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. அதைவிட அதிகம் திறந்தால் உருண்டை மேல்பக்கமாக நழுவி வெளியே வரும். ரொம்பவும் மூடியிருந்தால் ஸ்டெம்மின் கழுத்து கப்பின் விளிம்பில் இடித்து, நெம்பி, கீழ்ப்பக்கமாக நழுவும். முன்னும் பின்னுமான சாய்வுக்கும் இதே போலத் தனிக் கணக்கு உண்டு. இனி அறுவை மேசையைப் பாருங்கள். நாய் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. இடுப்பெலும்பு மேசைக்குச் செங்குத்தாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, மேசையையும் தரையையும் பார்த்துத்தான் மருத்துவர் தன் கருவியைச் சாய்க்கிறார். ஆரம்பத்தில் எவ்வளவு கவனமாகப் படுக்க வைத்தாலும், துணியால் மூடிய பிறகு, காலை இழுத்துத் திருப்பும்போது, 36 கிலோ நாயின் இடுப்பு கொஞ்சம் உருண்டுவிடும். துணிக்கு அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. மேசையைப் பார்த்தால் 40 டிகிரி, எலும்பைப் பார்த்தால் 52 டிகிரி என்று ஆகிவிடலாம். தேர்ந்தவர்கள் இதைத் தடுக்க இடுப்பைப் பிடித்து வைக்கும் சட்டங்களைப் பயன்படுத்துவார்கள், குழியின் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேடுகளையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்ப்பார்கள்.

நாய்க்கென்றே அடித்த கைடின் உட்புறம், சிடி ஸ்கேனில் தெரிந்த எலும்பின் மேற்பரப்புக்கு எதிர்ப்பதிவாக இருக்கும், மெழுகில் அழுத்தி எடுத்த அச்சு மாதிரி. அது குழியின் விளிம்பில் ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும். அப்படி உட்கார்ந்ததும் அதிலுள்ள துளை வழியாக ஒரு கம்பியை எலும்பில் இறக்கினால், கப் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதை அந்தக் கம்பி காட்டும். நாய் மேசையில் உருண்டாலும் எலும்போடு சேர்ந்து கம்பியும் உருளும், எனவே திசை மாறாது. கைடின் உண்மையான பலன் இதுதான்: மேசையை நம்பாமல் எலும்பையே நம்பிக் கோணம் பிடிக்க முடிகிறது. தொடை எலும்பிலும் இப்படியே கழுத்தை எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் ரம்பத்தால் வெட்ட வேண்டும் என்பதற்கு ஒரு பிளவு வைத்த கைடு உண்டு. ஸ்டெம் இறங்க வேண்டிய துளையின் நுழைவிடத்தையும் திருப்பக் கோணத்தையும் காட்டும் கைடும் உண்டு.

ஆனால் கைடு திசையைச் சொல்லும், ஆழத்தை முழுதாகச் சொல்லாது. குழியை எவ்வளவு குடைந்தால் போதும், உட்சுவர் எங்கே மெலிகிறது என்பதை ரீமரின் அடியில் வரும் எலும்பின் நிறமும் கையில் படும் எதிர்ப்பும்தான் சொல்கின்றன. சிமென்ட் இல்லாமல் இறக்கும் ஸ்டெம்மை எவ்வளவு இறுக்கமாக அடிக்கலாம் என்பதும் அப்படியே. ஒரு தட்டு குறைந்தால் பின்னால் ஸ்டெம் கீழே அமிழும், ஒரு தட்டு கூடினால் தொடை எலும்பு விரிசல் விடும். இது உங்கள் நாய்க்கு நேரடியாகப் பொருந்துகிற விஷயம். ஜெர்மன் ஷெப்பர்டுகளில் பலவற்றுக்குத் தொடை எலும்பின் உட்குழல் மேலே அகன்று கீழே குறுகாமல், அடுப்புக் குழாய் போல ஒரே அகலத்தில் இறங்கும். மேல்பகுதியின் அகலத்தை நடுப்பகுதியின் அகலத்தால் வகுத்து இதை அளப்போம். 1.8-க்குக் கீழே வந்தால் இப்படிப்பட்ட எலும்பு என்று வைத்துக்கொள்வோம். இதில் ஸ்டெம் அமிழவும், திரும்பவும், எலும்பு பிளக்கவும் வாய்ப்பு அதிகம். அதைத் தடுப்பது கைடு அல்ல. சிமென்ட் போடுவதா, கழுத்தில் காலர் உள்ள ஸ்டெம்மா, பக்கவாட்டில் போல்ட் போட்டு நிறுத்தும் ஸ்டெம்மா, எலும்பைச் சுற்றி முன்கூட்டியே கம்பி கட்டுவதா என்ற முடிவுகள்தான் தடுக்கும். உங்கள் மருத்துவரிடம் கைடு பற்றிக் கேட்பதற்கு முன் இந்த அளவைப் பற்றிக் கேளுங்கள்.

இதில் எவ்வளவு நிரூபணமானது என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். முன்னங்கால், தொடை எலும்பு ஆகியவற்றின் கோணல்களை நிமிர்த்தும் அறுவைகளில் கைடு வைத்துச் செய்தால் திட்டமிட்ட கோணத்துக்கு மிக அருகில் வருகிறது, நேரமும் மிச்சமாகிறது. இதை நானே என் நோயாளிகளின் எக்ஸ்ரேயில் பார்த்துவருகிறேன், வெளியாகும் ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. முதுகெலும்பில் திருகாணி இறக்கும்போதும் கைடுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நாயின் இடுப்பு மாற்றில் நிலைமை வேறு. கப்பையும் வெட்டையும் திட்டத்துக்கு அருகில் கொண்டுவர கைடு உதவும் என்பது நம்பத்தக்கது. ஆனால் கோணம் சரியாக வந்தது வேறு, மூட்டு நழுவுவது குறைந்தது வேறு, பத்து வருடம் கழித்தும் தளராமல் இருப்பது வேறு. பின்னிரண்டையும் காட்டுவதற்கு ஏராளமான நாய்களை, கைடோடும் கைடு இல்லாமலும், வருடக்கணக்கில் ஒப்பிட வேண்டும். அந்த அளவு ஆதாரம் இன்னும் சேரவில்லை. மனிதர்களின் முழங்கால் மாற்றில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே போன்ற கைடுகள் பெரிய எதிர்பார்ப்போடு வந்தன. பிறகு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நோயாளியின் நடையிலும் வலியிலும் நிலையான, தெளிவான மேன்மை தெரியவில்லை. அதனால் “தவறவே தவறாது” என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். கைடு வைத்த இடுப்பும் நழுவும், விரிசல் விடும், சீழ் பிடிக்கும்.

கைடு கேட்டு வாங்க வேண்டிய நாய்களும் இருக்கின்றன, அதில் எனக்குச் சந்தேகமில்லை. முன்பு வண்டி மோதித் தொடை எலும்பு உடைந்து கோணலாகச் சேர்ந்த நாய், குட்டியாக இருக்கும்போது இடுப்பெலும்பை வெட்டித் திருப்பும் அறுவை நடந்து குழியின் திசையே மாறிவிட்ட நாய், பிறவியிலேயே தொடை எலும்பு வளைந்த நாய், பல காலமாக மூட்டு விலகி உருண்டை மேலே ஏறி நின்று குழியின் மேல்விளிம்பு தேய்ந்துபோன நாய், முதலில் தொடை எலும்பின் தலையை மட்டும் வெட்டியெடுத்துப் பலனில்லாமல் இப்போது மாற்று மூட்டுக்கு வருகிற நாய். இவற்றில் மருத்துவர் வழக்கமாகப் பார்த்துப் பிடிக்கும் மேடும் பள்ளமும் அவற்றின் இடத்தில் இருக்காது. இங்கே கைடு இல்லாவிட்டாலும், குறைந்தபட்சம் சிடியிலிருந்து அடித்த எலும்பு மாதிரியையாவது கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது.

கைடால் வரும் கெடுதலையும் சொல்ல வேண்டும். அது எலும்பில் உட்கார வேண்டுமானால் அந்த இடத்துத் தசையையும் சவ்வையும் சுத்தமாக விலக்க வேண்டும். அதனால் வெட்டு பெரிதாகிறது, நேரம் கூடுகிறது. மூட்டு மாற்றில் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கிருமிக்கு வாய்ப்பு. குருத்தெலும்பு சிடியில் எலும்பைப் போலத் தெளிவாக வராது, எனவே குருத்தெலும்பு மிச்சமிருக்கும் இடத்தில் கைடின் கால் வைத்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். சிறிய கைடில் ஒரு மில்லிமீட்டர் தூக்கினாலே கோணம் பல டிகிரி மாறிவிடும். ரம்பம் பிளாஸ்டிக்கை உரசினால் துகள் காயத்தில் விழும். எல்லாவற்றையும்விட மோசமானது, கைடு தவறாக உட்கார்ந்தும் சரியாக உட்கார்ந்தது போலத் தோன்றுவது. அப்போது கண்ணும் கையும் சொல்வதை மீறி அதையே நம்பத் தோன்றும். அதனால்தான் நல்ல கைடில் அடியில் எலும்பு தெரிகிறதா என்று பார்க்கச் சன்னல் வைத்திருப்பார்கள், எந்தப் பக்கத்துக்கு, எந்த நாய்க்கு என்று எழுத்துப் பொறித்திருப்பார்கள். கணினியில் இடது வலது மாறிப்போக ஒரு நொடி போதும். கைடு உட்காரவில்லை என்றால் தூக்கி வைத்துவிட்டுப் பழைய முறையில் முடிக்கத் தெரிந்தவரிடம்தான் கைடும் பாதுகாப்பானது.

கைடின் தரம் சிடியிலேயே முடிவாகிவிடுகிறது. சிடி எலும்பைத் துண்டு துண்டாகப் படமெடுக்கும், ஒவ்வொரு துண்டின் தடிமனும் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், முடிந்தால் 0.6 மி.மீ. அளவுக்கு. இடுப்பை மட்டும் எடுத்தால் போதாது, இரண்டு தொடை எலும்புகளும் முழங்கால் முட்டு வரை முழுதாக வர வேண்டும். தொடையின் கழுத்து எவ்வளவு முன்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கீழே முழங்கால் முட்டுகளோடு ஒப்பிட்டுத்தான் அளக்க முடியும். மயக்கம் கொடுத்து, அசையாமல், நேராகக் கிடத்தி எடுக்க வேண்டும். பிலிமில் அச்சடித்துத் தரும் படங்களால் பயனில்லை, டைகாம் என்ற கணினிக் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனுக்கும் அறுவைக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விடாதீர்கள். தேயும் மூட்டில் புதிய எலும்பு முளைத்துக்கொண்டே இருக்கும், இன்று பொருந்தும் அச்சு நான்கைந்து மாதத்தில் பொருந்தாமல் போகலாம்.

இனி உங்கள் சித்தப்பா மகன். அவர் ஆசைப்பட்டுச் சொன்னதை வீணாக்க வேண்டாம், ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். பட்டறைகளிலும் கல்லூரிகளிலும் சாதாரணமாக இருக்கும் பிரிண்டர்கள் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் கம்பியை உருக்கி அடுக்கடுக்காகப் போடுகிறவை. பிஎல்ஏ சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும். பாலக்காட்டு மார்ச் மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டைத் தாண்டும். அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி, அல்லது 134 டிகிரி. அதில் பிஎல்ஏ கைடு வளைந்து வெளியே வரும். வளைந்தது கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தால் தூக்கிப் போடலாம், தெரியாத அளவில் இருந்தால் அதை நம்பி எலும்பை வெட்டிவிடுவார்கள். எத்திலீன் ஆக்சைடு வாயுவில் குறைந்த சூட்டில் சுத்தம் செய்யும் வழி உண்டு, அதற்குத் தனி இயந்திரமும், வாயு வெளியேற நேரமும் வேண்டும். காயத்துக்குள் வைக்கும் கைடைப் பெரும்பாலும் பல் மருத்துவத்தில் அறுவை கைடுகளுக்கென்று அங்கீகாரம் பெற்ற ரெசினிலோ, தூளை லேசரால் உருக்கிச் சேர்க்கும் நைலானிலோ அடிக்கிறார்கள். ரெசின் என்றால் அடித்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் தயாரிப்பாளர் சொன்ன நேரம் வைத்து முழுதாக இறுக்க வேண்டும். அரைகுறையாக இறுகிய ரெசின் திசுவுக்கு நஞ்சு. ஆட்டோகிளேவில் வைத்த பிறகும் அளவு மாறவில்லையா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் சித்தப்பா மகன் செய்யக்கூடியது, என் பார்வையில் கைடைவிடப் பயனுள்ளது: சிடியிலிருந்து இடுப்பெலும்பையும் தொடை எலும்பையும் நூறு சதவீத அளவில் பிஎல்ஏ-வில் அடித்துக் கொடுப்பது. டைகாம் கோப்பிலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்க 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எலும்பு எது, சதை எது என்று கணினி பிரிக்கும் எல்லையைக் கொஞ்சம் மாற்றினாலே எலும்பு தடித்தோ மெலிந்தோ வரும், எனவே அந்த இடத்தில் மருத்துவரை அருகில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடித்து முடித்ததும் தொடை எலும்பின் நீளத்தையும் தலையின் விட்டத்தையும் வெர்னியரால் அளந்து சிடியில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். இந்த மாதிரியைக் கையில் வைத்து மருத்துவர் கப் அளவைப் பார்க்கலாம், ரம்பம் எங்கே போகும் என்று கோடு போட்டுப் பார்க்கலாம், ஒரு பிரதியில் வெட்டியே ஒத்திகை பார்க்கலாம். இது காயத்துக்குள் போவதில்லை, அதனால் கிருமி நீக்கும் சிக்கலும் இல்லை. செலவு மிகக் குறைவு. கோணலான எலும்புகளில் நான் கைடு தயாராவதற்கு முன்பே இப்படி மாதிரி அடித்து மேசையில் வைத்துக்கொள்கிறேன், என் திட்டம் பலமுறை அதைப் பார்த்த பிறகு மாறியிருக்கிறது.

இதெல்லாம் அறுவை என்று முடிவான பிறகு. அதற்கு முன் உறுதி செய்ய வேண்டியவை இருக்கின்றன. நாயைத் தொட்டுப் பார்க்காமல் அவற்றை இங்கிருந்து என்னால் முடிவு செய்ய முடியாது. எக்ஸ்ரேயில் இடுப்பு கெட்டிருப்பதும், நாய் நொண்டுவதற்குக் காரணம் அந்த இடுப்பு என்பதும் ஒன்றல்ல. இடுப்பு மோசமாகத் தெரிந்தும் வலியில்லாமல் வாழும் நாய்கள் ஏராளம். திடீரென்று ஒரு கால் மட்டும் அதிகம் நொண்ட ஆரம்பித்தால் முழங்காலின் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு முதுகின் கடைசிக் கணுவில் நரம்பு அழுந்தும் நோயும், கால் மெல்லச் செயலிழக்கும் தண்டுவட நோயும் வரும். முழங்காலைச் சோதித்தாரா, பின்னங்கால் பாதத்தை மடக்கி வைத்தால் உடனே நிமிர்த்துகிறதா என்று பார்த்தாரா என்று கேளுங்கள். நம் பகுதியில் உண்ணி அதிகம். மாட்டுத் தொழுவத்தை ஒட்டி வாழும் நாய்க்கு எர்லிகியா, பபீசியா என்ற உண்ணி நோய்கள் இரண்டும் வரும். எர்லிகியாவே மூட்டுகளில் வீக்கமும் நொண்டலும் உண்டாக்கும். பிளேட்லெட்டைக் குறைத்து, அறுவையில் ரத்தம் நிற்காமலும் செய்யும். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கையும் உண்ணி நோய்ச் சோதனையும் இல்லாமல் இந்த அறுவைக்குத் தேதி குறிக்க வேண்டாம். தோலில் சொறியோ சீழ்க் கொப்புளமோ, காதில் சீழோ, பல் ஈறில் அழுகலோ இருந்தால் முதலில் அதை முழுதாக ஆற்ற வேண்டும். உலோகத்தில் ஒட்டிய கிருமியை மருந்தால் மட்டும் துரத்துவது பெரும்பாலும் முடியாது, இம்பிளான்ட்டையே எடுக்க வேண்டி வரும்.

எடை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை தொடர்ந்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு, மற்றது சாப்பிட்டதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் அதிகம் வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. உங்கள் நாயின் விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால், நாலைந்து கிலோ குறைத்து, தினமும் சீராக நடக்கவிட்டு, மருத்துவர் எழுதிய வலி மருந்தைக் கொடுத்து இரண்டு மூன்று மாதம் பாருங்கள். வலி மருந்து என்று வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இப்படிச் செய்து தேறிவிட்டால் அறுவையைத் தள்ளிப் போடலாம். இரண்டு வயதில் மாற்றாவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்ற கட்டாயம் இந்த அறுவையில் இல்லை. மாற்று மூட்டு வைக்காமல் தொடை எலும்பின் தலையை மட்டும் வெட்டியெடுக்கும் அறுவை செலவு குறைந்தது, நம் ஊர்களில் அதிகம் நடப்பதும் அதுதான். 20 கிலோவுக்குக் கீழான நாய்களில் அது நன்றாக வேலை செய்கிறது. 36 கிலோ நாயில் வலி குறையும், ஆனால் நடை எப்படி அமையும் என்பது முன்கூட்டியே சொல்லக் கடினம்.

மாற்று மூட்டுதான் என்று முடிவானால், மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை இடுப்பு மாற்றுகிறீர்கள், அதில் எத்தனை நழுவின, எத்தனையைத் திரும்பத் திறந்தீர்கள்? நாளை நள்ளிரவில் மூட்டு நழுவினால் யாரைக் கூப்பிடுவது, எங்கே கொண்டு வருவது? கைடு வைப்பதானால் அந்தத் திட்டத்தை வரைந்தது யார், பொறியாளரா நீங்களா, வரைந்ததை நீங்கள் கோணம் கோணமாகப் பார்த்து ஒப்புக்கொண்டீர்களா? முன்பு கைடு வைத்துச் செய்த நாய்களின் அறுவைக்குப் பிந்தைய படத்தைத் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? உண்மையாக உழைக்கிற மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் எக்ஸ்ரேயையும் சிடியையும் எடுத்துக்கொண்டு மண்ணுத்தியிலோ, உடுமலைப்பேட்டையிலோ, சென்னை வேப்பேரியிலோ உள்ள கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி இரண்டாவது கருத்துக் கேளுங்கள். என் அனுபவத்தில் பணம் குறைவாக இருந்தால், கைடுக்குச் செலவிடுவதைவிட, இதைத் தினசரி வேலையாகச் செய்கிறவர் இருக்கும் ஊருக்குப் போய்வரும் பயணத்துக்குச் செலவிடுவதே நாய்க்கு நல்லது.

இரண்டு பக்கத்தையும் ஒரே தடவையில் செய்ய வேண்டாம். முதல் சில வாரங்களில் மூட்டு நழுவும் ஆபத்து அதிகம். அப்போது அவன் ஊன்ற ஒரு காலாவது பழையபடி இருக்க வேண்டும். எந்தக் கால் அதிகம் வலிக்கிறதோ அதை முதலில் செய்து, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கயிற்றில் பிடித்தே சிறிது சிறிதாக நடக்கவிட்டு, எக்ஸ்ரே பார்த்து, குறைந்தது மூன்று மாதம் கழித்து மறுபக்கத்தை யோசிக்கலாம். ஒரு பக்கம் சரியானதும் எடையை அதில் போட்டுக்கொண்டு மறுபக்க அறுவையே தேவைப்படாமல் வாழும் நாய்கள் பல. அந்த வாரங்களில் வழுக்கும் தரைதான் எதிரி. டைல்ஸ், கிரானைட் போட்ட வீடு என்றால் அவன் நடக்கும் வழி முழுக்கச் சாக்கோ ரப்பர் பாயோ விரியுங்கள், இல்லாவிட்டால் சொரசொரப்பான சிமென்ட் தரையுள்ள ஓர் அறையில் வையுங்கள். காரில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் தூக்கியே வைக்க வேண்டும், தாவ விடக் கூடாது. சிடி எடுக்கும்போது மட்டும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே எடுத்து, கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் உலோகம் வந்துவிட்டால் அடுத்த சிடியில் அதன் கீற்றுகள் மறுபக்கத்து எலும்பையும் மறைக்கும், உலோகம் இல்லாத சுத்தமான படம் அப்போது உதவும். ஆனால் மறுபக்கத்துக் கைடை இப்போதே அடித்து வைத்துக்கொள்ளச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த அறுவை வரும் நாளில் அந்த எலும்பு இன்று இருப்பது போல இருக்காது.